பேயும் பையும்

இரவு ஒரு மணி இருக்கும். காதில் ஹெட்போன், அறையில் லைட் இல்லை. திரையில் நான் ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் நிற்கிறேன். மேல்மாடியில் யாரோ நடக்கிறான். தொம். தொம். தொம். 2019இல் புது வடிவில் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 2’ விளையாடியவர்களுக்கு அந்தக் காலடிச் சத்தம் மறந்திருக்காது. நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட மலைபோல ஒரு ஆள் கட்டடம் முழுக்க உங்களைத் தேடித் திரிவான். சுட்டாலும் சாகமாட்டான், கொஞ்ச நேரம் முழந்தாளில் குந்தியிருந்துவிட்டுத் திரும்ப எழும்புவான். அவன் எந்த மாடியில், எந்தப் பக்கத்தால் வருகிறான் என்பதைக் காதால்தான் மட்டுக்கட்ட வேண்டும்.

பொறுக்க முடியாமல் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். நடக்கிற சத்தம் நிற்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலையில், பிரெட்றிக் கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள் புள்ளிமான்களைக் கண்டிருப்பீர்கள், படமும் எடுத்திருப்பீர்கள். இரவானால் அவை பட்டணத்துத் தெருக்களுக்கும் வந்துவிடும். மதிலுக்கு அங்கால் நாலைந்து மான்கள் குப்பைப் பையைக் கிழித்து வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. தார் றோட்டில் குளம்பு படுகிற சத்தம்தான் அது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். தெரிந்தும் கால்மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூத்திரம் முட்டியும் எழும்பவில்லை.

அடுத்த நாள் இதைக் கூட்டாளி ஒருவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். “எத்தினை சுற்றிவளைப்பு, எத்தினை ஷெல் சத்தம் கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள். நீ பொம்மைக்குப் பயப்பிடுறியோடா?”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. கேள்வி மட்டும் கூடவே வந்தது. பதில் தேடினால் நான் முதலில் போய் நிற்கிற இடம் ஒரு விறாந்தை.

2003. எனக்குப் பதின்மூன்று வயது. சமாதான காலம், பாதைகள் திறந்து கொழும்பிலிருந்து எல்லாச் சாமானும் வரத் தொடங்கியிருந்தது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அண்ணர் தன் வீட்டு முன்விறாந்தையில் மூன்று ரிவியும் மூன்று பிளேஸ்டேஷனும் வைத்து மணித்தியாலக் கணக்குக்கு விட்டார். மணிக்கு முப்பது ரூபாய். இரண்டு ரிவியில் எந்நேரமும் பந்து விளையாட்டும் அடிபாடும். மூலை ரிவி எங்களுடையது. அதில் ‘ரெசிடென்ட் ஈவில்’, முதலாவது பாகம். 1996இல் ஜப்பானின் கப்கொம் நிறுவனம் ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் வெளியிட்ட விளையாட்டு. ‘சர்வைவல் ஹொரர்’ என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது இதனால்தான். அதே கப்கொம் 1989இல் செய்த ‘ஸ்வீட் ஹோம்’, பிரான்சில் 1992இல் வந்த ‘அலோன் இன் த டார்க்’ என்று இதற்கு மூத்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும். எங்களுக்கு அது ‘வீட்டு கேம்’. ஒரு பெரிய பாழ்வீடு, உள்ளே செத்தும் சாகாத ஆட்கள்.

சீடி கொப்பி சீடி, உடம்பெல்லாம் கீறல். நேராக வைத்தால் வாசிக்காது என்று அண்ணர் பிளேஸ்டேஷனைக் கவிழ்த்து வைத்திருப்பார். அந்த விளையாட்டில் ஒவ்வொரு அறைக்கும் போகும்போது திரை முழுக்கக் கருப்பாகி, கதவு ஒன்று மட்டும் மெல்லத் திறக்கும். அந்த நேரத்துக்குள் மெசின் அடுத்த அறையைச் சீடியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கதவு வெறும் மறைப்பு. எங்கள் கீறல் சீடியில் கதவு திறந்த பிறகும் கருப்பு விலகாது. கிர்ர், கிர்ர் என்று உள்ளே ஏதோ சுரண்டும். நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருப்போம். கப்கொம்காரர் கணக்குப் போடாத பயம் அது, எங்களுக்கு மட்டும் இலவசமாகக் கிடைத்தது.

பிறகு அந்தக் கமரா. சுவர் மூலையில் ஆணி அடித்து வைத்ததுபோல அசையாது. நீங்கள் நடக்க நடக்க ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பாயும். அனுங்குகிற சத்தம் கேட்கும், ஆள் எங்கே என்று தெரியாது. ஏனென்றால் கமரா உங்களைப் பார்க்கிறதே தவிர நீங்கள் பார்க்கிற பக்கத்தைப் பார்க்காது. திரும்புவதும் லேசில்லை. லொறியை றிவேர்சில் எடுப்பதுபோல நின்ற இடத்திலேயே உடம்பை வளைத்துத் திருப்ப வேண்டும். இப்போதைய பிள்ளைகள் அதைப் பிழையான கட்டுப்பாடு என்கிறார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் துரத்திக்கொண்டு வரும்போது கால் சொல்வழி கேட்காத கனவை எல்லாரும்தானே கண்டிருக்கிறோம்.

அந்த வீட்டில் ஒரு நடை இருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க யன்னல். புதுப் பெடியன் யாராவது அந்த நடைக்குள் காலை வைத்தால் அண்ணர் கணக்குக் கொப்பியை மூடிவிட்டு ஓசையில்லாமல் வந்து பின்னால் நிற்பார். பாதி தூரம் போனதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும். ஒருவன் கொன்ட்ரோலரை எறிந்தான். ஒருவன் அழுதுவிட்டுப் பந்து பார்த்து அழுததாகச் சொன்னான். நான் கதிரையோடு மல்லாந்தேன்.

மூன்றாம் நாள் யாரும் அசையவில்லை. யன்னலடிக்கு வரும்போதே துவக்கை நீட்டிக்கொண்டு போனோம். அது வெருட்டல். எங்கள் ஊர்ப் பேச்சில் வெருளுகிறதும் பயப்படுகிறதும் இரண்டு. கதவுக்குப் பின்னால் நின்று ‘பே’ என்று கத்தினால் யாரும் வெருளுவார்கள். அதற்குக் கலை வேண்டாம்.

பயம் வந்தது எப்படி என்றால், கனடாவிலிருந்து.

அந்த விளையாட்டில் நினைத்த நேரத்தில் சேவ் பண்ண முடியாது. தட்டச்சுப் பொறி இருக்கிற அறைக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே ஒவ்வொரு தடவையும் ஒரு மை நாடா செலவழிக்க வேண்டும். நாடா எண்ணித்தான் கிடைக்கும். எங்கள் கடையில் நாடா இருந்தும் பிரயோசனமில்லை, ஏனென்றால் பதிந்து வைக்க மெமரி கார்ட் இல்லை. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்துதான். அந்த வீட்டின் முதல் ஒரு மணித்தியாலம் எங்களுக்குத் தேவாரம்போலப் பாடம். குண்டுகளை வாரி இறைத்தோம். செத்தால் என்ன, நாளைக்கும் இதே வாசல்தானே.

ஒருவனின் மாமா கனடாவிலிருந்து வரும்போது மெமரி கார்ட் ஒன்று கொண்டுவந்தார். அன்றைக்குப் பின்னேரம் நாலு பேர் காசு போட்டு இரண்டு மணித்தியாலம் எடுத்தோம். வீட்டுக்குள் முன்னர் போகாத இடத்துக்கெல்லாம் போய், கடைசியில் பெருமையோடு முதல் நாடாவைச் செலவழித்துச் சேவ் பண்ணினோம். அடுத்த நாள் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையில் மூன்று குண்டு. மூலிகை ஒன்றுமில்லை. காயம். வெளியே நடையில் இரண்டு பேர் அனுங்குகிறார்கள். முந்தைய நாள் நாங்கள் செய்த ஊதாரித்தனம் அப்படியே கார்ட்டில் பதிந்திருந்தது. “ஆர் அந்தப் படியடியில ஆறு வெடி வைச்சது?” என்று அடிபாடே வந்தது. அதற்குப் பிறகு யாரும் கொன்ட்ரோலரைப் பறித்து எடுக்கவில்லை. நீ பிடி, இல்லை நீ பிடி என்று கை மாற்றினோம். அதே வீடு. அதே பிணங்கள். இழக்க ஒன்று வந்ததும் எல்லாம் மாறிவிட்டது.

அந்த விளையாட்டை நாங்கள் முடிக்கவில்லை. 2004 மார்கழியில் கடல் வந்தது. அண்ணர் வீட்டில் எல்லோரும் தப்பினார்கள். விறாந்தையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு படிப்பு, வேலை, ஒரு பழைய லப்டொப். பயமுறுத்தும் விளையாட்டு எது வந்தாலும் தேடிப்பிடித்து விளையாடினேன். அந்த மூன்று குண்டு நாளை எது திருப்பித் தருகிறது என்று பார்க்கிற மாதிரி. எல்லாம் தரவில்லை. 2005இன் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ அருமையான விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் வழிநெடுக ஒரு வியாபாரி நின்று துவக்கு விற்கிறான். காசு கொடுத்தால் துவக்கு கிடைக்கிற இடத்தில் எனக்குப் பயம் வராது.

சுவீடன்காரர் 2010இல் செய்த ‘அம்னீசியா’ அதற்கு நேர்மாறு. அதில் ஆயுதமே இல்லை. எண்ணெய் விளக்கும் தீமூட்டியும்தான். இருட்டில் நின்றால் மனம் பேதலிக்கும், வெளிச்சத்தில் நின்றால் தேடித் திரிகிற பூதம் உங்களைக் கண்டுவிடும். அதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் கலங்கும். விளக்கை ஏற்றுவதா வேண்டாமா என்பதுதான் முழு விளையாட்டும். ஊரடங்கு இரவுகளில் வெளியே வெளிச்சம் தெரியாதபடி லாம்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்த வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதற்கு முன்னரே 2001இல் வந்த ‘பேட்டல் பிரேம்’ இதற்குத் தலைகீழ்: அங்கே ஆயுதம் ஒரு பழங்காலக் கமரா, பேயைக் கிட்ட வரவிட்டு எடுத்தால்தான் படம் வலுவாக அடிக்கும். கண்ணை மூட விடாத விளையாட்டு.

கொனாமியின் ‘சைலன்ட் ஹில்’, 1999. பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தில் இருக்கிறதை வரைந்து முடிக்க ஏலாது. அதை மறைக்க ஊர் முழுக்க மூடுபனியைப் போட்டார்கள். மார்கழி மாரி அடித்துப் பெய்கிற நாளில் கடற்கரையில் நின்று கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையைத் தேடிப் பாருங்கள், அந்தப் பனி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கும். அதில் கதாநாயகன் ஒரு சின்ன ரேடியோ வைத்திருப்பான். ஏதாவது கிட்ட வந்தால் அது இரையும். ஒரு நாள் ஹெட்போன் இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கிறேன், அடுத்த அறையிலிருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “ரேடியோவோ போட்டனீ? தமிழோசை பிடிக்கிற மாதிரிக் கேட்டுது.” சிற்றலையில் இரைச்சலுக்குள்ளால் பிபிசி தமிழ்ச் செய்தி தேடின பழக்கம். எனக்கு அந்த இரைச்சல் பேய், அவருக்கு அது லண்டன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசோலேஷன்’. ஒரே ஒரு மிருகம், கொல்ல முடியாதது, விளையாட்டின் பெரும்பகுதி முழுக்க உங்களைத் தேடும். அதைச் செய்தவர்கள் அதற்கு இரண்டு மூளை வைத்தார்கள். மேலே இருக்கிற மூளைக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எந்நேரமும் தெரியும். மிருகத்தின் மூளைக்குத் தெரியாது. மேலே இருப்பது இடையிடையே ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று மட்டும் சொல்லும். மிச்சத்தை மிருகம் தன் காதாலும் கண்ணாலும் தேட வேண்டும். அதனால்தான் அலுமாரிக்குள் ஒளித்து நிற்கும்போது அது அறைக்குள் வரும், நிற்கும், போகும். அடுத்த முறை வேறு மாதிரிச் செய்யும். பாடமாக்க முடியாது. இதை வாசித்தபோது எனக்குத் தலையாட்டியின் ஞாபகம்தான் வந்தது. சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்து வரிசையில் நிறுத்துவார்கள், முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருப்பான், அவன் தலையாட்டினவனைக் கொண்டுபோவார்கள். எங்கள் வயதுக்காரருக்கு இது பெரியவர்கள் வாய்வழிக் கதை. அவர்களுக்கு அது பின்னேரம். இந்த ஒப்பீட்டை இதற்கு மேலே இழுக்க எனக்கு விருப்பமில்லை. மிருகம் பிடித்தால் நான் கடைசியாகச் சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இனி 2022.

மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. அம்மா விடிய நாலு மணிக்குக் கானைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து, மத்தியானம் இரண்டு லீற்றரோடு வந்தார். இரவு லாம்பு ஒன்று, அதுவும் திரியைக் குறைத்து. வெக்கை, நுளம்பு, ரிவி இல்லை. நான் லப்டொப்பை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். வெளிச்சத்தைக் குறைத்தால் இரண்டரை மணித்தியாலம் ஓடும். முதலாவது ‘ரெசிடென்ட் ஈவிலை’ 2002இல் மிகாமி திரும்பச் செய்திருந்தார். அதைத் துலக்கி 2015இல் கணினிக்கும் விட்டார்கள். பழைய லப்டொப் அதைத் தாங்கும். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அதே பாழ்வீடு. அம்மா போக்கிடமில்லாமல் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து காட்போட் மட்டையால் விசிறிக்கொண்டு பார்த்தார்.

யன்னல் நடை வந்தது. துவக்கை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கண்ணாடியில் விரிசல் விழுகிற சத்தம் மட்டும். நாய் வரவில்லை.

“ஏன் நிக்கிறாய்? ஒண்டும் வரேல்லையே.”

“வரும் அம்மா.”

“எப்ப?”

அதுதான் தெரியவில்லை. மிகாமிக்கு எங்களைப்போன்ற பழைய பெடியன்கள் வருவார்கள் என்று தெரிந்திருக்கிறது. நாயைப் பிற்போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த நடையால் போன ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாய் கடைசியில் பாய்ந்தபோது, உண்மையைச் சொன்னால், ஆறுதலாக இருந்தது.

இந்தப் புது வடிவத்தில் இன்னொரு சதி. சுட்டு விழுத்தின பிணம் அப்படியே கிடக்காது. தலை சிதறாமலும் எரிக்காமலும் விட்டால், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு செந்நிறமாக எழும்பி முன்னரைவிட வேகமாக ஓடிவரும். எரிக்க வேண்டும். நான் ஒரு பிணத்துக்கு ஊற்றி எரித்துக்கொண்டிருக்க, அம்மா கேட்டார்:

“என்னத்தை ஊத்துறாய்?”

“மண்ணெண்ணெய்.”

விசிறி நின்றது. “எவ்வளவு கிடக்கு?”

“இந்தப் போத்தில் ரெண்டு தரத்துக்குத்தான் காணும். வீட்டுக்குள்ள சில இடத்தில நிரப்பலாம். அதுவும் முடிஞ்சா முடிஞ்சுதுதான்.”

“அப்ப ஏன் இந்த மூலையில கிடந்ததுக்கு ஊத்தினனீ? இந்தப் பக்கம் திரும்பி வருவியோ?”

யோசித்துப் பார்த்தேன். வரமாட்டேன்.

“போய்வாற வழியில கிடக்கிறதைத்தானே எரிக்கவேணும். மற்றதைக் கதவைச் சாத்திப்போட்டு விடன்.”

நூறு தடவை விளையாடினவர்கள் சொல்கிற உபாயம் அது. அம்மாவுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. பேயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முகம் அழுகினவன் திரை நிறைய வந்து கடித்தபோதும் “சீ, கண்றாவி” என்றதோடு சரி. பையைத் திறந்தால்தான் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவார். நான் எடுத்த பெண் பாத்திரம் ஜில். எட்டுச் சாமான் கொண்டுபோகலாம். ஆண் பாத்திரத்தை எடுத்திருந்தால் ஆறுதான். துவக்கு ஒன்று, குண்டு ஒன்று, மூலிகை, நாடா, மண்ணெண்ணெய்ப் போத்தல் ஒன்று, அதைக் கொளுத்த லைட்டர் ஒன்று. வழியில் திறப்பு ஒன்று கிடைத்தால் எதையாவது விட வேண்டும்.

“எட்டுத்தானோ?” என்றார். பிறகு லாம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தொண்ணூறில வெளிக்கிடேக்க எனக்கு ஒரு பை. மற்றக் கையில நீ. நாலு மாசம் உனக்கு. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பால்மா, கொஞ்சம் அரிசி. தையல் மெசினைத் தூக்க ஏலாது. என்ன நினைச்சனோ தெரியேல்லை, அதின்ர ஊசிப் பெட்டியை மட்டும் எடுத்துப் பைக்குள்ள வைச்சன். மெசின் இல்லாம ஊசி என்னத்துக்கு? அந்த இடத்துக்கு ஒரு சீனிப் பை வைச்சிருக்கலாம்.”

முப்பத்திரண்டு வருடம் அந்த ஊசிப் பெட்டியை அவர் மறக்கவில்லை. நான் அந்நேரம் என் பையைப் பார்த்தேன். துவக்கு கிடைக்குமுன்னரே பெரிய துவக்குக்கான தோட்டாக்களைப் பொறுக்கிக் காவிக்கொண்டு திரிந்தேன்.

கூட்டாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த இரவில்தான் எனக்கு வாய்த்தது. நாங்கள் பொம்மைக்குப் பயப்படவில்லை. எது எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொண்டு கதவைத் திறக்கிறோமே, அதற்குப் பயப்படுகிறோம். மேல்மாடியில் நடக்கிறவன் வந்தால் ஓட வேண்டும் என்பது கூடப் பெரிசில்லை. ஓடி முடித்த பிறகு பையில் என்ன இருக்கும் என்பதுதான்.

தட்டச்சுப் பொறி இருக்கிற அறைக்கு வந்து சேர்ந்தோம். அந்த அறைகளுக்குள் எதுவும் வராது. மெல்லிய சங்கீதம் ஒன்று போகும். ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதற்குள் போட்டதை இன்னொரு அறையில் இருக்கிற இன்னொரு பெட்டியில் எடுத்துக்கொள்ளலாம். எப்படி என்று விளையாட்டு விளக்காது.

“இங்க வைச்சதை அங்க எடுக்கலாமோ?” அம்மா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். “இப்பிடி ஒரு பெட்டி இருந்திருந்தா நான் மெசினையே கொண்டந்திருப்பன்.”

லப்டொப்பில் ஒன்பது சதவீதம். பையில் ஒரே ஒரு நாடா.

“இனி வெளியில போகோணுமோ?”

“போனாத்தானே கதை நகரும்.”

“இதுக்குள்ள ஒண்டும் வராது எண்டனீ.”

“வராது.”

“அப்ப இரன். என்ன அவசரம்?”

நாடாவைச் செலவழிக்க மனம் வரவில்லை. கதவைத் திறக்கவும் மனம் வரவில்லை. ஜில் அறை நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் அந்தச் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தோம். ஏழு, ஐந்து, மூன்று என்று இறங்கி லப்டொப் தானாக அணைந்தது.

மதிலுக்கு வெளியே மான் நடந்தது.

இருட்டுக்குள் அம்மா கேட்டார்: “இப்ப அவள் அந்த அறைக்குள்ளதானே நிக்கிறாள்?”

“ஓம்.”

“சரி, நிக்கட்டும்” என்றுவிட்டு லாம்பின் திரியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.